மலையகத்துப் பந்தும் நாட்டின் லீக்கும்: கேள்வி பதில்

தேசிய உதைபந்தாட்ட லீக்கை எப்படித் திருத்தலாம், ஒரு கழகத்தின் மேல் பற்று என்றால் என்ன என்று மலையகத்தின் பல ஊர்களிலிருந்தும் கேட்டிருக்கிறீர்கள். நடுவராகவும் லீக் வேலைகளிலும் நெடுநாள் இருந்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி (நாவலப்பிட்டி): சுப்பர் லீக்கில் எங்கள் ஊர் அப் கண்ட்ரி லயன்ஸ் ஆடியபோது வீட்டில் எல்லோரும் ஸ்கோர் கேட்டுக்கொண்டே இருந்தோம். அந்தச் சூடு ஏன் நிலைக்கவில்லை அண்ணே?

பதில்: 2021இல் நாட்டின் மேல் லீக்காகச் சுப்பர் லீக் தொடங்கியபோது பத்துக் கழகங்கள் இருந்தன. அவற்றை ஊர் வாரியாகப் பிரித்துப் பாருங்கள். இராணுவத்தின் டிபெண்டர்ஸ், விமானப்படையின் புளூ ஈகிள்ஸ், கடற்படையின் சீ ஹோக்ஸ் என்று மூன்று படை அணிகள். கொழும்பு எப்.சி., ரினோன், ரட்ணம் மூன்றும் கொழும்பு. களுத்துறை புளூ ஸ்டார், பேருவளை ரெட் ஸ்டார்ஸ், வென்னப்புவ நியூ யங்ஸ் மூன்றும் மேற்குக் கரையோரம். மிச்சம் இருந்த ஒன்றுதான் உங்கள் ஊர். யாழ்ப்பாணம், மன்னார், மட்டக்களப்பு என்று பந்துக்காகவே கிடக்கிற ஊர்களிலிருந்து ஒன்றுகூட இல்லை. இதை எப்படித் தேசிய லீக் என்று சொல்வது?

மலைநாடு முழுவதற்கும் ஒரு கழகம், அதுவும் பெரும்பாலான ஆட்டங்களைக் கொழும்பில் ஆடியது. நாவலப்பிட்டி ஜயதிலக மைதானத்துக்கு நடந்து வந்து பார்க்கக்கூடிய ஆளிடம், கொழும்புக்கு வா என்றால் ஒருநாள் சம்பளமும் பஸ் காசும் போகும். அவர் ஸ்கோர் மட்டும்தான் கேட்பார். ஸ்கோர் கேட்டுக் கேட்டு ஒரு கழகத்தோடு எத்தனை வருஷம் ஒட்டியிருக்க முடியும்? சொந்த மைதானத்தில் ஆட்டம் நடக்காத கழகத்துக்கு ரசிகர் சேர மாட்டார்கள். சேர்ந்தவர்களும் கரைந்துபோவார்கள். நிலைக்காமல் போனதில் ரசிகர்களின் பிழை எதுவும் இல்லை.

கேள்வி (ஹட்டன்): உதைபந்தாட்டச் சம்மேளனத்தில் ஆட்களை மாற்றினால் எல்லாம் சரியாகிவிடுமா?

பதில்: ஆட்கள் மாறிக்கொண்டுதான் வருகிறார்கள். 2023 ஜனவரியில் வெளித் தலையீடு இருக்கிறதென்று சொல்லி உலக உதைபந்தாட்ட அமைப்பான பீபா இலங்கையை இடைநிறுத்தியது. ஆகஸ்டில் தடை நீங்கியது. அந்த ஏழு மாதமும் நம் நாட்டு அணியாலும் கழகங்களாலும் சர்வதேசப் போட்டிகளில் ஆட முடியவில்லை. நாற்காலியில் யார் உட்காருவது என்ற சண்டைக்கு ஆட்டக்காரன் கொடுத்த விலை அது.

நான் பார்க்கச் சொல்வது வாக்கு யாரிடம் இருக்கிறது என்பதை. சம்மேளனத் தேர்தலில் முக்கியமாக வாக்களிப்பவை ஊர் லீக்குகள். லீக்கில் ஆடுகிற கழகங்கள், வீரர்கள், நடுவர்கள், பெண்கள் அணிகள் ஆகியோரின் குரல் அதற்குள் அமுங்கிவிடுகிறது. வருஷத்தில் இத்தனை ஆட்டமாவது ஒழுங்காக நடத்திய லீக்குக்குத்தான் வாக்கு என்று ஒரு விதி வந்தால், கடிதத் தலைப்பில் மட்டும் உயிரோடு இருக்கிற லீக்குகள் ஒன்று விழித்துக்கொள்ளும், இல்லாவிட்டால் இடத்தைக் காலி பண்ணும். தேர்தலைவிட இந்த விதி எனக்கு முக்கியம்.

கேள்வி (பதுளை): மேல் லீக்கில் எத்தனை அணி இருக்க வேண்டும்? கூட்டுவதா, குறைப்பதா?

பதில்: பத்துப் போதும். சொந்த ஊரில் ஒன்று, எதிராளி ஊரில் ஒன்று என்று ஆடினால் ஒரு கழகத்துக்கு 18 ஆட்டம், மொத்தம் 90. நம்மிடம் உள்ள மைதானங்களுக்கும் நடுவர்களுக்கும் அது தாங்கும். ஆனால் மேலே எத்தனை என்பதைவிடக் கீழே என்ன இருக்கிறது என்பதுதான் என் கவலை. பத்துக்குக் கீழே வட்டார வாரியாக இரண்டு பிரிவு, ஒவ்வொன்றிலும் எட்டு அணி, ஆளுக்கு 14 ஆட்டம். அதற்குக் கீழே மாவட்ட லீக்குகள். ஒவ்வொரு வருஷமும் கடைசியில் வரும் இரண்டு இறங்க வேண்டும், இரண்டு ஏற வேண்டும். எந்த அமைச்சர் சொன்னாலும் இந்தக் கதவை மூடக் கூடாது.

இந்தியாவைப் பாருங்கள். 2014இல் ஐ.எஸ்.எல். என்ற லீக் தொடங்கியபோது ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. காசு கட்டியவர்கள் உள்ளே, மற்றவர்கள் வெளியே. அதற்குக் கீழே இருந்த ஐ-லீக்கை வென்று 2023இல் பஞ்சாப் எப்.சி.யும் 2024இல் கொல்கத்தாவின் மொகமடன் ஸ்போர்ட்டிங்கும் மேலே வந்த பிறகுதான் கீழே ஆடுகிறவனுக்கு ஆடுவதற்கு ஒரு காரணம் கிடைத்தது. 1891இல் தொடங்கிய கழகம் மொகமடன். அதுவே கதவு திறக்கக் காத்திருக்க வேண்டியிருந்தது.

கேள்வி (கினிகத்தேனை): எங்கள் பக்கம் மழை நேரத்தில் மேட்ச் போட்டுவிட்டு, ஆட்கள் வரவில்லை என்கிறார்களே?

பதில்: உண்மை. கினிகத்தேனை, வட்டவளை, நாவலப்பிட்டி பக்கம் மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. கோல் கம்பத்துக்கு முன்னால் பந்து மிதக்கும். உங்களுக்கு நல்ல காலம் ஜனவரி முதல் மார்ச் வரை. ஆனால் மலைக்கு அந்தப் பக்கம் பதுளை, பண்டாரவளையில் மழை வருஷக் கடைசியில். அங்கே ஜூன் முதல் செப்டம்பர் வரை வெயிலும் காற்றும். ஆகவே மலைநாட்டுக்குள்ளேயே இரண்டு பருவகாலம் வைத்து அட்டவணை போட வேண்டும். கொழும்பில் இருந்து ஒரே தாளில் எல்லோருக்கும் தேதி எழுதினால் இப்படித்தான் ஆகும்.

கேள்வி (மஸ்கெலியா): எங்கள் தோட்ட டிவிஷன் அணிக்காக உயிரைக் கொடுப்போம். ஆனால் ஒருநாள் சுற்றுப்போட்டி வந்தால் கமிட்டி வெளி ஆட்களைக் காசுக்கு இறக்குகிறது. இதில் கழகப் பற்று எங்கே இருக்கிறது?

பதில்: தம்பி, வந்த கேள்விகளில் எனக்கு மிகப் பெரியதாகப் பட்டது இதுதான்.

நம் தோட்டங்களில் பற்றுக்குக் குறைச்சலே இல்லை. மேல் டிவிஷனுக்கும் கீழ் டிவிஷனுக்கும் ஆட்டம் என்றால் கொழுந்து நிறுக்கிற இடத்தில் அதே பேச்சுத்தான். ஜேர்சிக்கு ஆளுக்கு நூறு, இருநூறு போடுகிற அம்மாக்கள் இருக்கிறார்கள். ஆனால் அந்தப் பற்றை வைத்துக்கொள்ள ஒரு பாத்திரம் இல்லை. இருப்பதெல்லாம் தீபாவளிக்கும் சித்திரைக்கும் தேர் திருவிழாவுக்கும் நடக்கிற ஒருநாள் நொக்அவுட். காலையில் தோற்றால் பத்து மணிக்கு வீடு. ஆகவே முதல் ஆட்டத்திலேயே தோற்கக் கூடாது என்ற பயத்தில் கமிட்டி வெளி ஆளைத் தேடுகிறது. பரிசுக் காசு கூடினால் வெளி ஆளும் கூடுகிறான். கடைசியில் நம் டிவிஷன் பெயரில் ஆடுகிற ஏழு பேரில் இரண்டு பேர்தான் நம் லயத்துப் பிள்ளைகள். மிச்ச ஐந்து பேரின் பெயரே நமக்குத் தெரியாது.

லீக் என்றால் இது மாறும். போன ஞாயிறு தோற்றாலும் வருகிற ஞாயிறு ஆட்டம் இருக்கும். பதிவு செய்த வீரர்தான் ஆடலாம், பருவத்தின் நடுவில் கழகம் மாற முடியாது. அப்போது பதினாறு வயதுப் பையனுக்குத் தோற்றுப் பழகவும் தேறவும் நேரம் கிடைக்கிறது. போன வருஷம் வெளியே உட்கார்ந்திருந்தவன் இந்த வருஷம் உள்ளே இறங்குவதை ஊரார் பார்க்கிறார்கள். பற்று வளர்வது அப்படிப் பார்த்துப் பார்த்துத்தான்.

நொக்அவுட்டை நிறுத்தச் சொல்லவில்லை, அது நம் திருவிழாவின் ஒரு பகுதி. ஓர் அணிக்கு இரண்டு வெளி ஆட்கள் வரை என்று எழுதிப் போடுங்கள். அந்த டிவிஷன்காரன் என்று தலைவரிடம் கடிதம் வாங்குங்கள். சில இடங்களில் செய்து பார்த்தோம், முதல் வருஷம் சத்தம் போட்டார்கள், அப்புறம் பழகிவிட்டது.

கேள்வி (தலவாக்கலை): என் மகன் மென்செஸ்டர் ஜேர்சியைக் கழற்றவே மாட்டான். நம் ஊர் மேட்சுக்குக் கூப்பிட்டால் வருவதில்லை. இதுவும் கழகப் பற்றுத்தானா சேர்?

பதில்: பற்றுத்தான் அக்கா, அவனைத் திட்டாதீர்கள். அந்தக் கழகம் சொன்ன நாளில், சொன்ன நேரத்தில் ஆடுகிறது. யார் காயம், யார் புதிது என்று அவனுக்குத் தெரிகிறது. நம் மேட்ச் எப்போது என்று நமக்கே முதல் நாள் இரவுதான் தெரியும். பிறகு அவன் எப்படி வருவான்?

ஆனால் ஒரு கதையை அவனிடம் சொல்லுங்கள். லண்டனின் விம்பிள்டன் கழகத்தைச் சுமார் 90 கிலோமீற்றர் தள்ளி மில்டன் கீன்ஸுக்குக் கொண்டுபோக 2002இல் அனுமதி கொடுத்தார்கள். ரசிகர்கள் கூடவே போகவில்லை. ஏ.எப்.சி. விம்பிள்டன் என்று தாங்களே ஒரு கழகம் தொடங்கி, ஒன்பதாம் படியில் இருந்து ஆடி, 2011இல் தொழில்முறை லீக்குக்குள் ஏறினார்கள். 2020இல் தங்கள் பழைய வட்டாரமான ப்ளவ் லேனுக்கே திரும்பினார்கள். கீழிருந்து மேலே போகப் படி இருந்ததால்தான் அது முடிந்தது.

நமக்குப் பக்கத்திலும் ஒன்று நடந்தது. 1911இல் பெரும்பாலும் வெறுங்காலோடு ஆடி ஆங்கிலேயப் படை அணியை வென்ற கொல்கத்தாக் கழகம் மோகன் பகானின் பெயருக்கு முன்னால் 2020இல் ஒரு கம்பனி அணியின் ஏ.டி.கே. என்ற எழுத்துகளைச் சேர்த்தார்கள். ரசிகர்கள் மூன்று வருஷம் விடாமல் எதிர்த்தார்கள். அணி ஐ.எஸ்.எல். கிண்ணத்தை வென்ற பிறகும் எதிர்த்தார்களா என்று கேட்காதீர்கள், வென்ற அன்றே, 2023 மார்ச்சில், அந்த எழுத்துகளை எடுப்பதாக உரிமையாளர் அறிவிக்க வேண்டியதாயிற்று. கிண்ணம் வந்தால் பெயரை மறந்துவிடுவார்கள் என்ற கணக்கு அங்கே எடுபடவில்லை.

கேள்வி (கண்டி): காசுள்ள உரிமையாளர்கள் வராமல் இதெல்லாம் நடக்காதே?

பதில்: வரட்டும், வேண்டும்தான். ஆனால் கிரிக்கெட்டில் உங்கள் ஊருக்கு என்ன நடந்தது என்று பாருங்கள். லங்கா பிரீமியர் லீக்கில் (எல்.பி.எல்.) கண்டி அணி 2020இல் டஸ்கர்ஸ், 2021இல் வொரியர்ஸ், 2022இல் பல்கன்ஸ், 2023இல் பி-லவ் கண்டி. நான்கு வருஷத்தில் நான்கு பெயர். ஒரு பிள்ளை எதைத் தொப்பியில் எழுதுவான்?

ஜெர்மனியில் 1998 முதல் ஒரு விதி: கழகத்தின் ஆட்டப் பிரிவைக் கம்பனியாக்கலாம், ஆனால் வாக்குரிமையில் பாதிக்கு மேல் அங்கத்தவர் சங்கத்திடமே இருக்க வேண்டும். லெவர்குசன், வொல்ஸ்பேர்க் போன்ற சில கழகங்களுக்கு மட்டும் விலக்கு. நாமும் ஒன்றைச் செய்யலாம். பெயர், நிறம், ஊர் இந்த மூன்றையும் அங்கத்தவர் பொதுக்கூட்டம் சம்மதிக்காமல் மாற்ற முடியாது என்று கழகத்தின் யாப்பில் எழுதிவிடலாம். காசு போடுபவர் மற்றதை நடத்தட்டும்.

கேள்வி (நுவரெலியா): எங்கள் கழகத்தில் வளர்ந்த பையன் இராணுவ அணிக்குப் போய்விட்டான். துரோகம் என்று பேசுகிறார்கள்.

பதில்: அந்தச் சொல்லைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். படை அணி அவனுக்கு மாதச் சம்பளம், சாப்பாடு, பென்ஷன் கொடுக்கிறது. அப்பா அம்மா நாட்சம்பளத்துக்கு மலை ஏறுகிற வீட்டில் இருந்து ஒரு பிள்ளை பந்தால் நிரந்தர உத்தியோகம் எடுத்தால் நான் கை தட்டுவேன்.

கேட்க வேண்டியது வேறு. அவனை வளர்த்த கழகத்துக்கு என்ன வந்தது? நாடு விட்டு நாடு வீரர் மாறும்போது மாற்றுத் தொகையில் 5 சதவீதத்தை, 12 வயது முதல் 23 வயது வரை அவரைப் பயிற்றுவித்த கழகங்களுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்பது பீபா விதி. உள்நாட்டிலும் அதுபோல ஒன்று வேண்டும். பெரிய தொகை வேண்டாம். ஒரு பையனைப் பதிவு செய்யும் படை அணியோ கொழும்புக் கழகமோ, அவனுடைய முதல் கழகத்துக்குப் பத்துப் பந்தும் ஒரு ஜோடி வலையும் கொடுக்க வேண்டும் என்றாலே நமக்கு ஒரு வருஷம் ஓடும்.

கேள்வி (பண்டாரவளை): பெண் பிள்ளைகளைப் பற்றி யாரும் பேசுவதில்லையே?

பதில்: சரியான கேள்வி தங்கச்சி. பாடசாலையோடு அவர்களின் ஆட்டம் முடிந்துவிடுகிறது, அதற்கு மேலே கழகம் இல்லை. நான் சொல்வது ஒன்றுதான்: இரண்டாம் படிக்கு ஏற விரும்பும் எந்தக் கழகமும் ஒரு பெண்கள் அணியைப் பதிவு செய்திருக்க வேண்டும். ஆட்டத்தையும் அதே நாளில், அதே மைதானத்தில், ஆண்கள் ஆட்டத்துக்கு முன்னால் வைக்க வேண்டும். கூட்டமும் பஸ்ஸும் இருக்கும், இருட்டுவதற்குள் பிள்ளைகள் வீடு போய்விடலாம்.

கேள்வி (கொட்டகலை): வெளிநாட்டில் பிறந்தவர்களை வைத்தே தேசிய அணி வெல்கிறதே, பிறகு உள்ளூர் லீக் எதற்கு?

பதில்: 2024 செப்டம்பரில் கம்போடியாவில் பெனால்டியில் வென்று ஆசியக் கிண்ணத் தகுதிச் சுற்றுக்குள் போனபோது நானும் கத்தினேன். அவர்கள் நம் பிள்ளைகள்தான், வரட்டும். ஆனால் அன்று பெனால்டியைத் தடுத்த சுஜன் பெரேரா இங்கே உருவானவர். இங்கே லீக் இல்லாவிட்டால் அடுத்த கோல் காப்பாளர் எங்கிருந்து வருவார்?

கேள்வி (பொகவந்தலாவை): எங்கள் டிவிஷனில் பையன்கள் இருக்கிறார்கள், பந்து இருக்கிறது, கழகம் என்று காகிதத்தில் எதுவும் இல்லை. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: முதலில் பிரதேச செயலகத்தின் விளையாட்டு உத்தியோகத்தரைப் பாருங்கள். கழகத்தைப் பதிவு செய்ய யாப்பு, அங்கத்தவர் பட்டியல், பொதுக்கூட்ட அறிக்கை கேட்பார். அதை வைத்து கழகத்தின் பெயரில் வங்கிக் கணக்குத் திறங்கள். ஒருவர் பெயரில் வேண்டாம், இரண்டு கையெழுத்து வையுங்கள். பிறகு மாவட்ட லீக்கில் அங்கத்துவத்துக்கு விண்ணப்பம் போடுங்கள். பையன்களின் அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ் பிரதிகளை ஒரே பைலில் வையுங்கள், இது இல்லாமல் போட்டியை இழந்த அணிகளை நான் பார்த்திருக்கிறேன்.

மைதானம் தோட்டக் கம்பனி நிர்வாகத்தின் கையில் இருக்கும். தோட்டத்துரையிடம் வாய்ப்பேச்சில் அனுமதி வாங்காதீர்கள், அவர் மாற்றலாகிப் போனால் அனுமதியும் போய்விடும். வாரத்தில் எந்த நாள், எத்தனை மணி என்று எழுத்தில் வாங்குங்கள். அளவு போதாது என்று யாராவது சொன்னால் பயப்பட வேண்டாம். ஆட்ட விதிப்படி குறைந்தது 90 மீற்றர் நீளமும் 45 மீற்றர் அகலமும் போதும். டேப் பிடித்து அளந்து, அளவைக் குறித்து, விண்ணப்பத்தோடு சேர்த்துக் கொடுங்கள். டிசம்பருக்குள் கொடுத்தால் ஜனவரியில் உங்கள் முதல் ஆட்டம் வைக்கச் சொல்லிக் கேட்கலாம்.