சோதனை எல்லாம் சரி, ஆனால் அம்மாவுக்கு நித்திரை இல்லை

கிளிநொச்சியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "அம்மாவுக்கு 58 வயது. தலையிடி, நெஞ்சுப் படபடப்பு, உடம்பு உளைவு என்று மாதம் தவறாமல் ஓ.பி.டி.க்குப் போகிறார். ஈ.சி.ஜி., சீனி எல்லாம் சரியாம். பனடோலும் இரவில் போட ஒரு குளிசையும் தருகிறார்கள். தம்பி 2009இல் காணாமல் போனதிலிருந்து அவருக்கு ஒழுங்கான நித்திரை இல்லை. இது மனவடு நோயா? எங்கே காட்டுவது?"

அம்மாவின் வலி பொய்யில்லை. வருடக்கணக்காக ஆபத்தை எதிர்பார்த்தே இருக்கும் உடம்பில் தசைகள் இறுகிக் கிடக்கும், இதயம் வேகமாக அடிக்கும், நித்திரை கலையும். எங்கள் பக்கத்தில் "மனம் சரியில்லை" என்று வைத்தியரிடம் போகிறவர்கள் குறைவு. தலையிடி என்றுதான் போகிறார்கள். அதனால் சோதனை சரி என்றதும் கதை அங்கேயே முடிந்துவிடுகிறது.

மனவடு நோய் (PTSD) என்பது பெரிய அதிர்ச்சி ஒன்றுக்குப் பிறகு மனதில் ஆறாமல் நிற்கும் காயம். அதுவா என்று பார்க்க மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். நடந்தது கனவிலோ பகலிலோ இப்போதுதான் நடப்பதுபோலத் திரும்ப வருகிறதா? அதை நினைவூட்டும் இடத்தையும் பேச்சையும் தவிர்க்கிறாரா? கோயில் திருவிழாவில் போடும் வெடிச் சத்தத்துக்கும் ஹெலிகொப்டர் சத்தத்துக்கும் திடுக்கிட்டுப் போகிறாரா? போர் முடிந்த மே மாதம் வந்தால் இவை கூடுகின்றனவா என்றும் பாருங்கள். மூன்றும் இருந்து, அன்றாட வேலையையும் குலைத்தால் அந்த நோயாக இருக்கலாம்.

ஆனால் அது ஒன்றையே தேடாதீர்கள். போர் முடிந்த 2009இல் யாழ்ப்பாண மாவட்டத்தில் நடந்த ஓர் ஆய்வில் மனவடு நோயின் அறிகுறிகள் 7 வீதமானோரிடம் இருந்தன. மனச்சோர்வு 22.2 வீதம், பதகளிப்பு (ஓயாத பதற்றமும் பயமும்) 32.6 வீதம். பலருக்கு இவை சேர்ந்தே வரும். கெட்ட கனவு இல்லை என்பதற்காக "ஒன்றுமில்லை" என்று விட்டால், வைத்தியம் செய்து மாற்றக்கூடிய மனச்சோர்வு தப்பிவிடும்.

தம்பிக்காகக் காத்திருப்பதை மட்டும் நோயென்று சொல்லாதீர்கள். இருக்கிறாரா இல்லையா என்று தெரியாத துக்கத்துக்கு முடிவுத் தேதி கிடையாது. "இனி அந்தியேட்டியைச் செய்து முடி" என்று, இறந்தவருக்கான கிரியையைச் செய்யச் சொல்லி, சொந்தக்காரர் நெருக்கினால் நீங்கள் குறுக்கே நில்லுங்கள். அது அம்மாவாக எடுக்க வேண்டிய முடிவு.

சரி, எப்படிக் காட்டுவது? ஓ.பி.டி. வைத்தியருக்கு உங்களுக்கென்று கிடைப்பது இரண்டு மூன்று நிமிடம். அவர் கேட்கும்வரை காத்திருக்காமல், கூடவே போய் நீங்களே சொல்லுங்கள்: "மகன் 2009இல் காணாமல் போனதிலிருந்து நித்திரை இல்லை, படபடப்பு. மனநல கிளினிக்குக்குத் துண்டு தருவீங்களா?" அது போதும். வரிசையில் ஆட்கள் நிற்க முழுக் கதையையும் அவிழ்க்க வேண்டியதில்லை. தைரொயிட், இரத்தச்சோகை பார்க்கவில்லை என்றால் அதையும் கேளுங்கள். இரண்டுமே படபடப்பைத் தரும்.

இரவுக் குளிசையின் பெயரைப் பாருங்கள். டயஸிபாம் வகை என்றால் அது நித்திரை தரும், மனவடுவை ஆற்றாது. மாதக்கணக்கில் போட்டால் உடம்பு அதற்குப் பழகிவிடும். அதற்காக நீங்களாகத் திடீரென்று நிறுத்தக் கூடாது. வைத்தியர் சொல்லப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். மனச்சோர்வுக்கும் மனவடுவுக்கும் பொதுவாகத் தருவது ஃப்ளூஒக்செட்டின், செர்ட்ரலின் போன்றவை. இவை வேலை செய்யத் தொடங்கவே சில வாரம் எடுக்கும். "நாலு நாள் போட்டும் மாற்றமில்லை" என்று தூக்கிப் போடுகிறவர்கள்தான் அதிகம்!

மனவடுவுக்கு முக்கிய மருந்து பேச்சுச் சிகிச்சைதான். நடந்ததைப் பயிற்சி பெற்ற ஒருவருடன், பல அமர்வுகளில், கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லி ஒழுங்குபடுத்துவது அது. சுனாமிக்குப் பின் வடகிழக்கில் சிறுவர்களுக்கு உள்ளூர் ஆலோசகர்களே ஆறு அமர்வுகள் நடத்தினார்கள். ஒரு குழுவுக்கு இப்படிக் கதை சொல்லும் முறை, இன்னொன்றுக்குத் தியானமும் தளர்வுப் பயிற்சியும். இரண்டுமே பலன் தந்தன. ஆகவே அம்மா கோயிலில் இருந்து செபிப்பதையோ மூச்சுப் பயிற்சியையோ மட்டமாக எண்ண வேண்டாம், கிளினிக்கோடு சேர்த்தே செய்யட்டும். வீட்டில் ஒரே இருப்பில் எல்லாவற்றையும் கொட்டச் சொல்லிக் கிண்டுவது மட்டும் வேண்டாம்.

கிளினிக் நாளுக்கு முன் ஒரு கேள்வியை நீங்கள் நேரடியாகக் கேட்டுவிடுங்கள்: "செத்துப்போகலாம் என்று யோசனை வருதா அம்மா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஆம் என்றால் கிளினிக் நாளைப் பார்க்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். பூச்சிமருந்தையும் குளிசைகளையும் கைக்கெட்டாமல் வையுங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்தை இரவிலும் அழைக்கலாம்.