குளியலறைச் சுவரில் ஏறிய பாம்பு கட்டுவிரியனா?

ஒரு அடி நீளம், பழுப்பு உடல், கழுத்திலேயே தொடங்கி வால் பக்கம் மங்கிப்போகும் வெள்ளைப் பட்டைகள், ராத்திரியில் குளியலறைச் சுவரில் ஏறியது என்று எழுதியிருக்கிறீர்கள். பெரும்பாலும் அது ஓநாய்ப் பாம்புதான். பல்லி தேடி வரும், விஷம் கிடையாது. கையால் பிடித்தால் நன்றாகக் கடிக்கும், அது வேறு விஷயம்.

கட்டுவிரியன் பளபளப்பான கருப்பு. மெல்லிய வெள்ளைக் கோடுகள், பலசமயம் ஜோடி ஜோடியாக இருக்கும். தலைக்குச் சற்றுத் தள்ளித் தொடங்கி வாலை நோக்கித் தெளிவாகும். முதுகின் நடுவே ஒரு வரிசைச் செதில்கள் மட்டும் பெரிதாக, அறுகோணமாக இருக்கும். ஆனால் குட்டிகளில் இந்தக் கோட்டுக் கணக்கு சரிவராது. அதனால் மறுபடி வந்தால் கிட்டே போய்ப் பார்க்காதீர்கள், அடிக்கவும் வேண்டாம். கதவைச் சாத்தி, கீழ் இடுக்கில் துணியை அடைத்துவிட்டுத் தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள்.

அப்புறம், தரையில் படுக்காதீர்கள். கட்டுவிரியன் கடித்தால் வலியோ வீக்கமோ பெரிதாக இருக்காது. விடிகாலையில் வயிற்றுவலி, இமை சொருகல் என்று யாராவது சொன்னால், கடிவாயைத் தேடிக்கொண்டிராமல் 108-ஐ அழைத்து, விஷமுறிவு மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.