இரண்டு மடங்கு வேகத்தில் அம்மா

கேள்வி: அன்புள்ள அக்கா, எனக்கு 31 வயது. சொந்த ஊர் புக்கிட் மெர்தாஜாம். கோலாலம்பூருக்கு வந்து ஏழு வருடமாகிறது. வங்சா மாஜுவில் அறை எடுத்துத் தங்கி, கேஎல் சென்ட்ரல் பக்கம் வேலைக்குப் போகிறேன். சம்பளத்துக்குக் குறைவில்லை, ஆனால் எதிலும் மனம் ஒட்டவில்லை. சின்ன விஷயங்களை ரசித்தால் வாழ்க்கை இனிக்கும் என்கிறார்கள். தித்திவங்சா ஏரியைச் சுற்றி நடந்தேன். பங்சாரில் காப்பிக் கடை கடையாக ஏறி இறங்கினேன். தினமும் மூன்று நல்ல விஷயங்களை நோட்டில் எழுதுகிறேன். எல்லாம் இரண்டு வாரத்தில் சலித்துவிடுகிறது. அப்பா இல்லை, அம்மா ஊரில் தனியாக இருக்கிறார். மாதம் தவறாமல் பணம் அனுப்புகிறேன், அதில் குறை வைத்ததில்லை. காலையானால் வாட்ஸ்அப்பில் நாலைந்து வாய்ஸ் அனுப்பிவிடுவார். பூனை, மழை, மீன்காரர், முருங்கை என்று ஒன்றுமில்லாத கதைகள். ரயிலில் இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டு, டாமாய் ஸ்டேஷன் தாண்டிச் சுரங்கத்துக்குள் போவதற்குள் முடித்துவிடுவேன். இந்த நகரத்தில் சின்னச் சந்தோஷங்களை நான் எங்கே தேடுவது?
ஒரு வாசகி, கோலாலம்பூர்

பதில்: தங்கச்சி, ஏரியையும் காப்பிக் கடையையும் விட்டுவிடுகிறேன். இந்த மாதிரிக் கடிதங்கள் எனக்கு நிறைய வருகின்றன. எல்லாவற்றிலும் ஓர் ஏரியும் ஒரு நோட்டும் இருக்கும். உன் கடிதத்தில் நான் நின்றுபோனது டாமாய் ஸ்டேஷனில்தான்.

பூனை, மழை, மீன்காரர், முருங்கை. இவற்றை ஒன்றுமில்லாத கதைகள் என்று எழுதிய அதே கைதான் சின்னச் சந்தோஷங்களை எங்கே தேடுவது என்றும் எழுதுகிறது. எழுதி முடித்து ஒருமுறை படித்துப் பார்த்தாயா? நீ தேடி அலைவதை ஒருத்தர் தினம் காலையில் உன் காதுக்கே கொண்டுவந்து தருகிறார். நீ அவரை விரட்டுகிறாய்.

வேலைக்குப் போகிற பிள்ளைகளின் மனத்தை உறுத்தும்படி எதுவும் சொல்லக் கூடாது என்று இப்போது நிறையப் பேர் சொல்கிறார்கள். எனக்கு அது சம்மதமில்லை. கொஞ்சம் உறுத்தட்டும்.

அந்த வேக வசதி 2021-இல் வந்தது. ஆபீஸ் காரியத்துக்கு வைத்துக்கொள், நல்லதுதான். அம்மாவின் குரலுக்கு வைக்காதே. இரண்டு மடங்கு வேகத்தில் செய்தி வந்து சேர்ந்துவிடும். ஆனால் நடுவில் அவர் மூச்சு வாங்குவது, எதையோ சொல்ல ஆரம்பித்து "சரி, விடு" என்று நிறுத்திக்கொள்வது, இரண்டு நாளாக விடாத இருமல், எல்லாம் நசுங்கிப்போகும். தனியாக இருக்கிற அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்றால் முதலில் குரல்தான் காட்டிக்கொடுக்கும். எந்த அம்மா வாய்விட்டுச் சொல்கிறார்?

நாலைந்து வாய்ஸ் ஏன் வருகிறது என்று யோசித்தாயா? என் வயதுப் பெண்கள் அதை அனுப்புவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, போனை வாய்க்கு நேரே மட்டமாகப் பிடித்துக்கொண்டு, கட்டை விரலால் அந்த மைக்கை அழுத்தியே வைத்திருப்பார்கள். விரல் கொஞ்சம் நழுவினால் பாதிப் பேச்சோடு போய்விடும். "ஐயோ, போயிடுச்சே" என்று மறுபடி அழுத்தி, எங்கே விட்டோம் என்று தெரியாமல் முதலிலிருந்து ஆரம்பிப்பார்கள். இத்தனை பாடும் முருங்கை காய்த்ததை உன்னிடம் சொல்லத்தான்.

பணம் அனுப்புகிறாய், குறை வைத்ததில்லை என்கிறாய். நல்லது, நிறுத்தாதே. ஆனால் பெற்றவருக்குப் பிள்ளை செய்ய வேண்டியதில் பணம் பாதிகூட இல்லை என்பது என் கட்சி. அவர் பேசும்போது காது கொடுப்பது கடமை. நேரம் மிஞ்சினால் செய்கிற உபகாரமாக அதை நான் ஒருநாளும் நினைத்ததில்லை. மகனானாலும் மகளானாலும், கல்யாணம் ஆனாலும் ஆகாவிட்டாலும் ஒன்றுதான்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். ஏரியில் பார்த்ததை யாரிடம் சொன்னாய்? நோட்டிடம். நோட்டு திருப்பிக் கேள்வி கேட்காது, அதனால்தான் இரண்டு வாரத்தில் சலிக்கிறது. பார்த்ததைச் சொல்ல ஓர் ஆள் வேண்டும், அந்த ஆள் "அப்புறம்?" என்று கேட்க வேண்டும். உன் அம்மா கேட்பார். "பிரிக்பீல்ட்ஸில் பூக்கடைப் பக்கம் போனேன்மா" என்று ஒரு வார்த்தை சொல்லிப் பார். மல்லிகை என்ன விலை, நெருக்கமாகக் கட்டியிருந்ததா, வெள்ளிக்கிழமைக் கூட்டம் எப்படி என்று வரிசையாகக் கேள்வி வரும். ஒன்றுக்கும் உனக்குப் பதில் தெரியாது. மறுநாள் கடை முன்னால் அந்த அஞ்சடி நடைபாதையில் நின்று பார்க்கத்தான் வேண்டும். பூ கட்டுகிறவர் நாரை விரலில் எப்படிச் சுற்றி இழுக்கிறார் என்பதும் அப்போதுதான் உன் கண்ணில் படும். ஆபீஸிலிருந்து நடக்கிற தூரம்தானே.

நாளையிலிருந்து சாதாரண வேகத்தில் கேள். டாமாய் தாண்டுவதற்குள் முடியாது. கேஎல்சிசி, டங் வாங்கி, மஸ்ஜித் ஜாமெக் எல்லாம் போய், பசார் செனிக்கு முன்னால் ரயில் சுரங்கத்தை விட்டு வெளிச்சத்துக்கு ஏறும்போதும் அம்மா பேசிக்கொண்டிருப்பார். அப்போது போனைப் பையில் போட்டுவிட்டு வெளியே பார். கிள்ளான் ஆறு பக்கத்திலேயே ஓடும். ஸ்டேஷன் தாண்டியதும் ஆற்றுக்கு அந்தப் பக்கம் வெள்ளைக் குவிமாடங்களோடு பழைய ரயில் நிலையம், 1910-இல் கட்டியது. வடக்கிலிருந்து ரயிலில் வந்தவர்களெல்லாம் ஒரு காலத்தில் அங்கேதான் இறங்கினார்கள். கேஎல் சென்ட்ரலைத் திறந்ததே 2001-இல்தான். உன் அம்மா இளவயதில் ரயிலேறி கோலாலம்பூர் வந்திருந்தால் வந்து நின்றது அந்த நிலையத்தில்தான். யாரோடு வந்தார், என்ன சேலை கட்டியிருந்தார், எங்கே சாப்பிட்டார் என்று கேள். தினம் இரண்டு முறை அதைத் தாண்டிப் போகிறாயே, ஒருநாளாவது கேட்டிருக்கிறாயா?

சில நாள் காலையில் முடியாது, எனக்கும் தெரியும். நிற்க இடமில்லாத ரயிலில் என்ன கேட்பது? அன்றைக்குத் திறக்காமல் வைத்துவிட்டு, இரவு சாப்பிட்ட பிறகு கேள். பதிலுக்குக் கட்டை விரல் படம் போடாதே, வாயால் பேசு. ஒரு நிமிடம் போதும். மத்தியானம் கொட்டிய மழை, ஒட்டுக்கடையில் தே தாரிக்கில் சீனி தூக்கலாக இருந்தது, பக்கத்தில் உட்கார்ந்த சீனப் பாட்டி தூங்கி உன் தோளில் சாய்ந்தது, எதுவானாலும் சரி. அம்மாவிடம் சொல்லணும் என்று நினைத்தாலே கண் தானாகத் தேட ஆரம்பிக்கும்.

இன்னொன்று. கடைசியாக எப்போது ஊருக்குப் போனாய் என்று கடிதத்தில் எங்கேயும் இல்லை. தீபாவளிக்குப் போயிருப்பாய் என்று வைத்துக்கொள்கிறேன். நீ வேலை பார்க்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே இடிஎஸ் ரயில் ஏறினால் சுமார் நாலு மணி நேரத்தில் புக்கிட் மெர்தாஜாம். பண்டிகை, கல்யாணம் என்று எந்தக் காரணமும் இல்லாத ஒரு சனிக்கிழமை போ. மீன்காரர் வரும்போது வாசலில் நீ போய் நில், முருங்கையை நீயே பறித்துக் கொடு. பள்ளி விடுமுறை நெருங்கினால் இடம் கிடைக்காது, டிக்கெட்டை இன்றைக்கே எடுத்துவிடு.