கல்வி ‘பொதுப்பட்டியலில்’ இருக்கிறது என்றால் என்ன?

நீட் பேச்சு வந்தாலே நாகர்கோவில் டீக்கடைகளில் ‘பொதுப்பட்டியல்’ என்ற சொல்லும் கூடவே வரும். மத்திய அரசு, மாநில அரசு இரண்டுமே சட்டம் போடக்கூடிய துறைகளின் வரிசைதான் அது.

கல்வி முதலில் மாநிலப் பட்டியலில் இருந்தது. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-இல் வந்த அரசியலமைப்பின் 42-வது திருத்தம் அதைப் பொதுப்பட்டியலுக்கு மாற்றியது. காடு என்ற துறையும் அப்போதுதான் அங்கே போனது. நாடு முழுக்க ஒரே மாதிரிக் கொள்கை வேண்டும் என்பது மத்திய அரசின் வாதம். பிள்ளைகளையும் பள்ளிக்கூடத்தையும் அருகிலிருந்து பார்ப்பது மாநிலம்தானே என்பது எதிர்வாதம். எனக்கு இரண்டாவதுதான் சரியாகப் படுகிறது.

அண்ணன் தம்பி வீடுகளுக்கு நடுவே ஒரு விளை (தோப்பு), அதில் ஒரே கிணறு என்று வைத்துக்கொள்ளுங்கள். இருவரும் தண்ணீர் இறைக்கலாம். வாளியை யார் முதலில் விடுவது என்று தகராறு வந்தால் அண்ணன் சொல்தான் நிற்கும். தம்பி பேச்சு எடுபட வீட்டுப் பெரியவர் தலையசைக்க வேண்டும். இங்கே அண்ணன் மத்திய அரசு, தம்பி மாநில அரசு, பெரியவர் குடியரசுத் தலைவர் (அரசியலமைப்பின் பிரிவு 254). நீட் விலக்கு மசோதாவைத் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் 2021-இலும் 2022-இலும் நிறைவேற்றியும் அந்தத் தலையசைப்பு கிடைக்கவில்லை.

அப்புறம், கல்வி மாநிலப் பட்டியலுக்குத் திரும்பினால் நீட் தானாகப் போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, உயர்கல்வியின் தரத்தை நிர்ணயிக்கும் அதிகாரம் தொடக்கத்திலிருந்தே மத்தியப் பட்டியலின் (மத்திய அரசு மட்டுமே சட்டம் போடக்கூடிய துறைகளின் வரிசை) 66-வது இனத்தில் இருக்கிறது.