லாயிட் ஜார்ஜ் எப்படி அரசியலில் மேலே வந்தார்?

பலரும் 1916-இல் அவர் பிரிட்டன் பிரதமரானதிலிருந்தே கதையைத் தொடங்குகிறார்கள், ஆனால் என்னைக் கேட்டால் எல்லாம் வேல்ஸில் ஒரு கல்லறைத் தகராறில்தான் தொடங்கியது. செருப்புத் தைக்கும் மாமாவிடம் வளர்ந்து வழக்கறிஞரானவர் அவர். இறந்துபோன கல்குவாரித் தொழிலாளி ஒருவரை, அவர் ஆசைப்பட்டபடி மகள் பக்கத்தில் ஆங்கிலிக்கன் அல்லாத தங்கள் சபை முறைப்படி புதைக்க ஆங்கிலிக்கன் (அன்றைய அரசுத் திருச்சபை) பாதிரியார் மறுத்தபோது, கல்லறைத் தோட்டத்தின் பூட்டை உடைத்து உள்ளே போங்கள் என்று லாயிட் ஜார்ஜ் குடும்பத்துக்குச் சொன்னார், 1888-இல் மேல்முறையீட்டில் ஜெயித்தும் காட்டினார். வேல்ஸ் முழுக்கப் பெயர் பரவியது. 1890 இடைத்தேர்தலில் வேல்ஸின் கர்நார்வன் தொகுதியில் லிபரல் கட்சி வேட்பாளராக நின்று வெறும் 18 வாக்குகளில் வென்றார், அப்போது வயது 27. அப்புறம் தென்னாப்பிரிக்காவில் பிரிட்டன் நடத்திய போயர் போரைத் துணிந்து எதிர்த்தார். 1901-இல் பர்மிங்காமில் கூட்டம் தாக்க வந்து, போலீஸ் உடையில் தப்ப வேண்டியிருந்தது. 1905-இல் அமைச்சர், 1908-இல் நிதியமைச்சர்.