அடி வாங்கினவங்க (கடிதம்)

அன்புள்ள அண்ணா,

போன வாரம் தூக்கம் வராம பழைய அண்டர்டேக்கர் ரெஸ்லிங் மேட்ச் எல்லாம் போட்டு பாத்துட்டு இருந்தேன். வருஷத்துக்கு ஒரு தடவை நடக்குற பெரிய ஷோ ரெஸில்மேனியால 21 தடவை தோக்காம ஜெயிச்சவரு 2014-ல ப்ராக் லெஸ்னர்கிட்ட தோத்து ஸ்க்ரீன்ல 21-1னு வந்தப்ப எப்படி அழுதேனோ அதே மாதிரி மறுபடியும் அழுதேன், சிரிக்காதீங்க. டேக்கர், மேன்கைண்ட், ரேசர் ரமோன், ஜெஃப் ஹார்டி மாதிரி ஒரு கேரக்டர் கூட இப்ப ஏன் இல்ல? இப்ப உள்ளவங்க நல்லாத்தான் சண்டை போடுறாங்க, ஆனா மறுநாள் ஒருத்தர் மூஞ்சியும் ஞாபகம் இருக்க மாட்டேங்குது. அப்பல்லாம் சும்மா அடி வாங்க வர்ற டம்மி பீஸுங்களோட நடக்குற மூணு நிமிஷ மேட்ச்ல கூட டேக்கர் வந்தா பயமா இருக்கும். அவரை லெஸ்னர்கிட்ட தோக்க விட்டது தப்புதானே? எல்லாம் ஸ்க்ரிப்டுனு கிண்டல் பண்றவங்களுக்கு என்ன பதில் சொல்றது? என் பொண்ணுக்கு எட்டு வயசு. அவளுக்கு ரெஸ்லிங் காட்டணும்னு ஆசை, எந்த மேட்ச்ல ஆரம்பிக்கலாம்?

கே.

அன்புள்ள கே.,

அழுததுக்கு நான் எதுக்குப்பா சிரிக்கப் போறேன். அன்னைக்கு நியூ ஆர்லியன்ஸ்ல அவ்ளோ பெரிய ஸ்டேடியமே வாயடைச்சு போய் நின்னுச்சு. 23 வருஷமா ஒருத்தரை ரசிச்சவன் அழாம என்ன பண்ணுவான். ஸ்க்ரிப்டுனு கிண்டல் பண்றவங்களுக்கு பதிலே சொல்லாத, 1989-லயே WWF கம்பெனி (இப்ப WWE) நியூ ஜெர்சி செனட்ல இது என்டர்டெயின்மென்ட்தான்னு சொல்லிட்டு போயாச்சு, அதையே இன்னும் ரகசியத்தை கண்டுபிடிச்ச மாதிரி பேசுறவங்ககிட்ட உனக்கு என்ன பேச்சு.

ஆனா "டம்மி பீஸ்"னு எழுதியிருக்க பாரு, அது எனக்கு வயித்தெரிச்சலா இருக்கு. நீ கெட்ட எண்ணத்துல எழுதலைனு தெரியும், எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. கொஞ்ச நாளா நான் பழைய சனிக்கிழமை ஷோ எபிசோடு எல்லாம் திரும்ப பாத்துட்டு இருக்கேன், இப்ப என் கண்ணு ஸ்டார் மேல போகவே மாட்டேங்குது, எதிர்ல நிக்கிறவர் மேலதான் போகுது. என்ட்ரி மியூசிக் கிடையாது, சாதா ட்ரங்க்ஸ், டிவில பேரு வந்ததும் தெரியாம போயிடும். தோக்குறதுக்குனே வர்ற ஜாபர்னு சொல்வாங்கல்ல, அவங்க. உன் கேள்விக்கு பதிலே அவங்கதான், நீ அவங்களை போற போக்குல ஒரு வார்த்தைல தூக்கி போட்டுட்ட.

டேக்கர் முதல்ல வந்தது 1990 நவம்பர்ல, ஹார்ட்ஃபோர்டுல நடந்த சர்வைவர் சீரிஸ் ஷோவில. அன்னைக்கு அவரோட ஃபினிஷிங் அடி டூம்ஸ்டோனை முதல்ல வாங்கினது யாருனு கேட்டா டேக்கர் ஃபேன்னு சொல்லிக்கிறவங்கள்ல பாதி பேருக்கு தெரியாது. கோகோ பி. வேர். கலர் கலரா முடி, கையில ஒரு பெரிய கிளி, ரெக்கை அடிக்கிற மாதிரி கைய ஆட்டிக்கிட்டே வருவாரு, குழந்தைங்களுக்கு அவரை அவ்ளோ புடிக்கும். மேட்ச் ஆரம்பிச்சு ரெண்டு நிமிஷம் கூட ஆகல, அந்த சந்தோஷமான மனுஷனை தலைகீழா தூக்கி டேக்கர் முட்டி போட்டாரு, கதை முடிஞ்சுது. அன்னைக்கு டேக்கர் ஒரு வார்த்தை பேசல. அவர் யாருனு நமக்கு சொன்னது கோகோ. அவர் விழுந்த விதத்துலதான் இவன் சாதாரண ஆள் இல்லனு நமக்கு புரிஞ்சுது. அந்த கோகோவை 2009-ல ஹால் ஆஃப் ஃபேம்ல சேத்தப்ப ஃபேன்ஸ் என்ன பேசினாங்க? கோகோவே உள்ள போயிட்டாரு, இனிமே யாருக்கு வேணா கொடுப்பாங்கனு இன்னைக்கு வரைக்கும் நக்கல் அடிக்கிறாங்க. டேக்கருக்காக கண்ணுல தண்ணி விடுறவங்கதான் அந்த நக்கலும் அடிக்கிறாங்க, எனக்கு அது தாங்கவே மாட்டேங்குது.

அதுக்கப்புறம் மாசக்கணக்குல என்ன நடந்துச்சு? வாராவாரம் பேரு தெரியாத ஒருத்தரை அடிச்சு, ஒரு பையில போட்டு ஜிப்பை இழுத்து மூடி தோள்ல தூக்கிட்டு போவாரு. பொணத்தை கட்டுற பை. உள்ள ஒரு மனுஷன், மூச்சு வாங்குறது கூட வெளிய தெரியாம, கை கால் ஆடாம கிடக்கணும். அவன் சும்மா ஒரு தடவை கால ஆட்டியிருந்தா டேக்கர் காலி. அந்த பையில கிடந்தவங்கதான் உனக்கு பயத்தை கொடுத்தாங்க.

விழுறதுனா என்னனு நினைச்ச? ரிங்குக்கு அடியில இரும்பு சட்டம், மேல பலகை, அதுக்கு மேல மெல்லிசா ஒரு ஃபோம், அப்புறம் கேன்வாஸ். தாடைய நெஞ்சோட ஒட்டிக்கணும், மூச்சை வெளிய விடணும், மேல் முதுகு மொத்தமா ஒரே நேரத்துல படணும், ரெண்டு உள்ளங்கையும் அதே நொடியில தரைய அறையணும். டூம்ஸ்டோன்ல தலை எதிராளி தொடைக்கு நடுவுல இருக்கும், முட்டி தரையில படும்போது தலைக்கும் தரைக்கும் இடைவெளி ரொம்ப ரொம்ப கம்மி. அந்த இடைவெளி தப்பினா என்ன ஆகும்ங்கறதுக்கு 1997 சம்மர்ஸ்லாம் ஷோ இருக்கு, ஓவன் ஹார்ட் தலைகீழா தூக்கி உக்காந்து போட்ட பைல்டிரைவர்ல ஸ்டோன் கோல்டு ஆஸ்டின் கொஞ்ச நேரம் கை கால அசைக்க முடியாம கிடந்தாரு, கழுத்து அப்புறம் பழையபடி ஆகவே இல்ல, 2003-ல ரிட்டையர் ஆனாரு. அது ஸ்டார், அதனால எல்லாருக்கும் தெரியும். 1990 டிசம்பர்ல டாம்பாவில ராக்கர்ஸ் டீம் கூட மோத ஒரு பையனை கூட்டிட்டு வந்தாங்க, நீ சொல்ற டம்மி பீஸ்தான். குப்புற தட்டையா விழ வேண்டிய அடி, அவன் தலைய உள்ள மடக்கிட்டான், உச்சந்தலை போய் மோதுச்சு, கழுத்துக்கு கீழ செயலிழந்து போச்சு. 1994-ல ஜூரி 26.7 மில்லியன் டாலர் கொடுக்கணும்னு சொன்னாங்க. அந்த பையனை நினைச்சு யாரு நாஸ்டால்ஜியா வீடியோ போடுறா சொல்லு?

உன் லிஸ்டையே எடுத்துக்க. மேன்கைண்டா நீ கொண்டாடுற மிக் ஃபோலி 1986-ல இதே மாதிரி அடி வாங்க வந்தவருதான், பிரிட்டிஷ் புல்டாக்ஸ் டீம்ல டைனமைட் கிட் கைய நீட்டி விட்ட க்ளோத்ஸ்லைன்ல தாடை போய் வாரக்கணக்குல கெட்டியா எதுவும் சாப்பிட முடியாம கிடந்தாரு. 1994-ல ஜெஃப் ஹார்டி வயசை மறைச்சு 16 வயசுல வந்து தோத்துட்டு போனான், யார்கிட்ட? உன்னோட அதே ரேசர் ரமோன்கிட்ட. உன் லிஸ்ட்ல இருக்கிற ஒருத்தரை பெருசாக்க உன் லிஸ்ட்ல இருக்கிற இன்னொருத்தர் விழுந்திருக்காருப்பா!

பேரி ஹொரோவிட்ஸ்னு ஒருத்தர். முதுகுல ஒரு கை அச்சு போட்ட டிரஸ், அடிக்கடி தன் கையாலயே தன் முதுகை தட்டிக் கொடுத்துக்குவாரு, வேற யாரும் தட்டிக் கொடுக்க மாட்டாங்கல்ல. வருஷக்கணக்கா தோத்தவரு 1995-ல ஸ்கிப்ங்கற ரெஸ்லரை ஒரு ரோல்-அப்ல மடக்கி ஜெயிச்சப்ப கமெண்டரில ஜிம் ராஸ் நம்ப முடியாம கத்துறாரு, அந்த க்ளிப்பை தேடிப் பாரு. எனக்கு லெஸ்னர் மேட்ச்ல வராத அழுகை அதுல வந்துச்சு.

இப்ப ஏன் கேரக்டர் நிக்க மாட்டேங்குதுனு கேட்டல்ல. தோக்குறதுக்குனு ஆளே இல்லாம போச்சு, அதான். 1990-ல வருஷத்துக்கு நாலே நாலு பெரிய ஷோ, ஸ்டாரும் ஸ்டாரும் மோதுறதை அதுக்காக பத்திரமா வச்சிருந்தாங்க, மத்த வாரமெல்லாம் இந்த பேரு தெரியாதவங்கதான் தாங்கினாங்க. 1995 செப்டம்பர்ல போட்டி கம்பெனி WCW-வோட நைட்ரோ ஷோ வந்துச்சு, திங்கக்கிழமை ரேட்டிங் சண்டை ஆரம்பிச்சுது, சேனலை மாத்திடுவாங்கனு பயந்து வாராவாரம் ஸ்டாரோட ஸ்டாரை மோத விட்டாங்க. அது முடிஞ்சும் பழக்கம் போகல. WWE-யோட திங்கக்கிழமை ஷோ ரா மூணு மணி நேரமா ஆனப்ப அதை ரொப்பணும், இந்த வாரம் நீ ஜெயி அடுத்த வாரம் நான் ஜெயிக்கிறேன்னு ஃபிப்டி-ஃபிப்டி புக்கிங். எல்லாரும் கொஞ்சம் ஜெயிச்சு கொஞ்சம் தோத்தா யாரு மேல பயம் வரும்? இப்ப உள்ள பசங்களுக்கு திறமை குறைச்சல்னு மட்டும் சொல்லாத, அது பொய். டேக்கரையே இன்னைக்கு புதுசா கொண்டு வந்து முதல் மாசத்துலயே பெரிய ஸ்டார்கிட்ட ரெண்டு தடவை தோக்க விட்டிருந்தா அவரையும் நீ மறந்திருப்ப.

லெஸ்னர் விஷயம், தப்பில்ல. 21 போட்டியில ஜெயிச்சாருனா எதிர்ல நின்னவங்க விழுந்து கொடுத்திருக்காங்க, ஷான் மைக்கேல்ஸ் 2009, 2010 ரெண்டு வருஷமும் உயிரைக் கொடுத்து தோத்தாரு. ஒரு நாள் டேக்கரும் இன்னொருத்தருக்கு விழணும், விழுந்தாரு. தலையில அடிபட்டு கன்கஷன் ஆகி அன்னைக்கு நடந்தது எதுவும் ஞாபகமில்லனு அவரே சொல்லியிருக்காரு, அந்த நிலைமைலயும் மேட்சை முடிச்சு கொடுத்தாரே, அதுக்கு அழு, நானும் கூட அழறேன்.

பொண்ணுக்கு 1993 மே 17 ரா எபிசோடை போட்டு காட்டு. முந்தின வாரங்கள்ல வேற வேற பேருல வந்து தோத்துட்டு போன ஒல்லிப் பையன் ஒருத்தன் டாப் ரோப்ல ஏறி பின்பக்கமா குட்டிக்கரணம் போட்டு விழுற மூன்சால்ட் அடிச்சு ரேசர் ரமோனை தரையோட அழுத்தி பின் பண்ணிடுவான். 1-2-3 கிட்னு அவனுக்கு பேரே அதுக்கப்புறம்தான் நின்னுச்சு. முடிஞ்சா அவன் தோத்த மேட்ச் ரெண்டை முதல்ல காட்டிட்டு அப்புறம் இதை போடு, அப்பதான் அவ குதிப்பா. டேக்கர் பை கட்டுறதெல்லாம் இப்ப வேணாம், கூண்டுக்குள்ள நடக்குற ஹெல் இன் எ செல் மேட்ச் பக்கமே போகாத, எட்டு வயசுக்கு அது ரொம்ப அதிகம். பாத்துட்டு அவ என்ன சொன்னானு எனக்கு எழுது.

அன்புடன்,
அண்ணன்