தெருக்காரர்கள் சேர்ந்து ஊராட்சியில் பேச என்ன வழி?

மானூர் பக்கத்துக் கிராமம், தெருவிளக்கு எரியவில்லை, சாக்கடை தேங்கிக் கிடக்கிறது, தனியாகப் போய்ச் சொன்னால் யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை என்கிறீர்கள். தனியாகப் போகாதீர்கள், அவ்வளவுதான். கிராம சபைக்குக் கூட்டமாகப் போங்கள்.

ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 தவிர, மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாட்களிலும் இப்போது கூடுகிறது. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் நீங்களும் உறுப்பினர்தான். யாரும் அழைக்க வேண்டியதில்லை. மக்கள்தொகை 501 முதல் 3,000 வரை என்றால் குறைந்தது 100 பேர் வர வேண்டும். ஆள் குறைந்தால் சபை செல்லாது. உங்கள் பலமே அங்கேதான்.

முந்தின வாரமே தெருவில் பேசிவிடுங்கள். பீடி சுற்றும் அக்காமாரை விட்டுவிடாதீர்கள்; குழாயில் எத்தனை மணிக்குத் தண்ணீர் நிற்கிறது என்று அவர்களுக்குத்தான் தெரியும். கோரிக்கை ஒன்றோ இரண்டோ போதும். எந்தக் கம்பத்தில் விளக்கு எரியவில்லை என்பதுவரை எழுதி, எல்லோரும் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்.

முக்கியமானது தீர்மானப் பதிவேடு. 'பார்த்துக்கிடலாம்' என்ற பதிலை வாங்கிக்கொண்டு எழுந்து வராதீர்கள். தீர்மானமாக எழுதி, வாசித்துக் காட்டிய பிறகு கையெழுத்திடுங்கள். வெற்றுப் பக்கத்தில் கையெழுத்து கேட்டால் கண்டிப்பாக முடியாது என்று சொல்லுங்கள். அப்புறம் தகவல் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் விண்ணப்பக் கட்டணம் கட்டி, தீர்மான நகல் கேட்டு வாங்கலாம். வேலை நகரவில்லையென்றால் அதை இணைத்து வட்டார வளர்ச்சி அலுவலரிடம் மனு கொடுங்கள்.